120 கிராம் பொட்டலம், 3 சதவிகிதக் கோழி

சிங்கப்பூரின் டெம்ப்சி சாலை மேட்டில் நான் முதன்முதலாக ஏறியது 1981இல், தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு. ஆள் எடுக்கும் நிலையம் அப்போது அங்கிருந்த பழைய ராணுவக் கட்டடங்களில்தான் இயங்கியது. அப்பாவும் கூட வந்தார். 2024 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நேப்பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து, அதே மேட்டில் திரும்ப ஏறினேன். கையில் ஐஸ் கட்டி போட்ட பை. வாங்கப் போனது கோழி. ஆனால் எந்தப் பண்ணையிலும் வளராத கோழி.

பொருளின் பெயர் ‘குட் மீட் 3’. ஹூபர்ஸ் இறைச்சிக் கடையில் 2024 மே 16 அன்று விற்க ஆரம்பித்தார்கள். அப்போது 120 கிராம், 7 சிங்கப்பூர் வெள்ளி 20 காசு. செல்லிலிருந்து, அதாவது உயிரணுவிலிருந்து, வளர்த்த இறைச்சியை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வந்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை. இரண்டு பொட்டலம் வாங்கினேன். எனக்கு இதில் இருக்கும் அக்கறை நாக்கோடு முடிகிற விஷயமில்லை. ஓய்வு பெறுவதற்கு முன் 13 வருடம் துவாசில் ஒரு மருந்து ஆலையில் இதே மாதிரிச் செல் வளர்க்கும் தொட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன பாடுபட்டு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடை பெரியது. ஒரு பக்கம் மாட்டிறைச்சி, இன்னொரு பக்கம் பன்றி இறைச்சி, சாசேஜ், சீஸ். நான் தேடியது உறைபதனப் பெட்டியில் இருந்தது. கடையை ஒட்டியே அவர்களுடைய உணவகம். குட் மீட் நிறுவனத்தின் முந்தைய வகைக் கோழியை 2023இல் அங்கே சமைத்துப் பரிமாறினார்கள். எனக்கு அப்போது போக வாய்க்கவில்லை. கல்லாவில் இருந்த பெண்ணிடம் சமைக்கும் முறை பற்றி நாலைந்து கேள்வி கேட்டேன், பின்னால் வரிசை நின்றபோதும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், வெந்த கோழியைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெளிர் நிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகள். எந்தப் பொருளையும் முதலில் வெறுமனே தின்று பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஓரம் சிவக்கும் வரை வாணலியில். வந்தது கோழி வாசம்தான், ஆனால் மெல்லிசாக. அடுத்த வீட்டில் யாரோ கோழி வறுக்கும்போது சன்னல் வழியாக வருமே, அந்த அளவு. கடித்தால் நாராகப் பிரிகிறது. நெஞ்சுக்கறியில் நார் நீளமாக ஒரே பக்கம் ஓடும். இதில் குட்டை குட்டையாக, நாலு பக்கமும் ஓடுகிறது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு மென்று பார்த்துவிட்டு, “நேத்து வச்ச கோழியைச் சுட வச்ச மாதிரி இருக்குங்க” என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. நேற்று வைத்த கோழி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்புறம் மிளகு வறுவல். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சோம்பு, இடித்த மிளகு. இங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். பச்சைக் கோழியை வாணலியில் போட்டால் அது தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரில்தான் மசாலா வேகும். இது தண்ணீர் விடாது. கோழியைப் போலவே நினைத்து முதலிலேயே போட்டேன், இருந்த எண்ணெயையெல்லாம் அது குடித்துவிட்டது, மிளகு பச்சை வாசத்தோடு நின்றது. பாதியிலேயே துண்டுகளை வெளியே எடுத்து, வெங்காயத்தையும் மசாலாவையும் தனியாகச் சுருள வதக்கி, ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து, கடைசி நாலு நிமிடத்தில் திரும்பச் சேர்த்தேன். சரியாக வந்தது. மசாலா உள்ளே வரைக்கும் ஏறுகிறது, அந்த விதத்தில் கோழியைவிட இதுவே மேல்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பொட்டலத்தில் முர்தபா, அதாவது முட்டையும் கறியும் உள்ளே வைத்து மடித்துச் சுடுகிற பரோட்டா. பெரிய வெங்காயம் பொடியாக அரிந்து, இரண்டு முட்டை, கறி மசாலா, நடுவில் இது. இதற்கென்றே செய்தது போல் பொருந்தியது. அக்கா மகன் வந்திருந்தான். தின்று முடிக்கும் வரை சொல்லவில்லை. சொன்ன பிறகு தட்டில் மிச்சமிருந்த துணுக்கை விரலால் எடுத்துப் பார்த்தான், வாயில் போட்டான், “இன்னொண்ணு இருக்கா மாமா?” என்றான். சூப்பு, சால்னா, பிரியாணி பற்றி யாரும் கேட்க வேண்டாம். அவை எலும்பாலும் தோலாலும் ருசி வருகிற சமையல். எலும்பும் தோலும் இல்லாத பொருளிடம் அந்த ருசியை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

இப்போது அந்த 3 சதவிகிதம். செல்லிலிருந்து வளர்த்த கோழி இதில் 3 சதவிகிதம்தான். மீதி பெரும்பாலும் தாவரப் புரதம். இதே நிறுவனம் முன்பு உணவகங்களுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் கோழிச் செல் இருந்தது. வீட்டுக்காரர்கள் வாங்குகிற விலைக்கு இறங்க வேண்டும் என்று இப்படிச் செய்திருக்கிறார்கள். இதை அறிந்துகொண்டுதான் வாங்கினேன், நீங்களும் அறிந்துகொண்டு வாங்குங்கள்.

என் மகள் மூன்று வருடமாக இறைச்சி சாப்பிடுவதில்லை. பருவநிலை மாற்றம்தான் காரணம். அவளுடைய காப்பித்தூள் அளக்கிற சின்னத் தராசை எடுத்து வந்து, 3.6 கிராம் உப்பை நிறுத்து, என் உள்ளங்கையில் கொட்டினாள். 120 கிராமில் 3 சதவிகிதம் அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டிகூட வராது. “அப்பா, உங்க கோழி இவ்வளவுதான். மீதி செடி. அப்படின்னா செடியை மட்டும் சாப்பிட்டா என்ன?” என்றாள். கேள்வி நியாயமானது. அந்த உப்பைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அம்மா கேட்டதைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 86 வயது. அப்பா சிலேத்தார் விமானத் தளத்தில் வேலை பார்த்தபோது ஜாலான் காயுவில் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தோம். பின்பக்கம் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழி மேயும். தீபாவளிக்கு, யாராவது விருந்தாளி வந்தால், பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்தால், ஒன்றை அறுப்பார்கள். மற்ற நாளில் கோழிக்கறி கிடையாது. அடைகாக்கிற கோழியையும் முட்டையிடுகிற கோழியையும் அம்மா தொடமாட்டார். அறுக்கிற அன்று காலையில் அந்தக் கோழிக்கு மட்டும் தனியாக ஒரு கை அரிசி போடுவார். கத்தியையும் அவரேதான் பிடிப்பார், அப்பா பக்கத்தில் வரமாட்டார்.

அப்படிப்பட்டவர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது எந்தக் கோழிய்யா?”

“எந்தக் கோழியும் இல்லம்மா. ஒரு தடவை கோழிகிட்டேருந்து எடுத்த செல்லைப் பத்திரமா உறைய வச்சிருக்காங்க. அதுலேருந்து கொஞ்சம் எடுத்துத் தொட்டியில வளக்குறாங்க. தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான். நேத்துத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து இன்னிக்குப் பால்ல விடுறோம்ல?”

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். “பால் திரிஞ்சு போச்சுன்னா?”

ஆலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் மேற்பார்வையாளர் இரண்டு மணி நேரம் பாடம் நடத்திச் சொன்னதை அம்மா மூன்று சொல்லில் கேட்டுவிட்டார். அங்கே நாங்கள் வளர்த்தது சீன வெள்ளெலியின் செல்கள். உலகம் முழுக்கப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் போடுகிற பல ஊசி மருந்துகள் அந்தச் செல்கள் சுரக்கிற புரதம்தான். 2,000 லிட்டர் எஃகுத் தொட்டி. 37 டிகிரி. மெதுவாகச் சுழலும் துடுப்பு, வேகம் கூடினால் செல் கிழிந்துவிடும். அடியிலிருந்து பிராணவாயு. சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் கலந்த கரைசலை ‘மீடியா’ என்போம், அதுதான் தீனி. இவ்வளவும் கோழிச் செல்லுக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான். தட்டையாக ஒட்டிக்கொண்டு வளரும் செல்லைத் தண்ணீரில் மிதந்து வளரப் பழக்குவது ஒரு பெரிய வேலை, அதையும் இவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள்.

கோழிக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. தொட்டியில் மிதக்கிற செல்லுக்கு அது கிடையாது. ஒரு பாக்டீரியா உள்ளே போனால் 20 நிமிடத்தில் இரண்டாகும், 40 நிமிடத்தில் நாலாகும். நம் செல் இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். பந்தயமே இல்லை. ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தின இரவுப் பணியில் இருந்தேன். திரையில் பிராணவாயுக் கோடு சரிய ஆரம்பித்தது. முதலில் கருவி பழுது என்று நினைத்தோம். ஒரு மணி நேரத்தில் அமிலத்தன்மையும் ஏறியது. மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்த பெண் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. எங்கேயோ ஒரு வால்வின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. மூன்று வார உழைப்பு. 2,000 லிட்டரையும் நீராவி விட்டுக் கொன்று, வடிகாலில் திறந்துவிட்டோம். காலையில் வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கக்கூட மனசு வரவில்லை.

ஆகவே அம்மாவிடம் சொன்னேன்: “திரிஞ்சா முழுசையும் கொட்டிருவாங்கம்மா. அதனாலதான் விலை.”

விலைக்கு இன்னொரு காரணம் உண்டு, அதை ஆலையில் வேலை பார்க்காதவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. மருந்து ஆலையில் கடைசியில் செல்லை வடிகட்டி வெளியே போட்டுவிட்டு, அது மிதந்த நீரைத்தான் எடுத்துக்கொள்வோம். மருந்து அந்த நீரில் இருக்கிறது. சில கிராம் புரதத்துக்கே ஆயிரக்கணக்கான வெள்ளி கிடைக்கும் என்பதால் எவ்வளவு செலவானாலும் கட்டுப்படியாகும். இறைச்சியில் தலைகீழ். நாங்கள் குப்பையில் போட்ட செல்தான் இங்கே சரக்கு. ஒரு லிட்டருக்குச் சில பத்து கிராம் செல் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதைப் பண்ணைக் கோழி விலைக்குப் பக்கத்தில் விற்க வேண்டும். தேக்கா சந்தையில் ஒரு முழுக் கோழியைப் பத்து வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். இந்தப் பொட்டலத்தின் கணக்குக் கிலோவுக்கு 60 வெள்ளி, அதுவும் 3 சதவிகிதம் செல் வைத்து. 2013இல் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் லண்டனில் காட்டிய, செல்லிலிருந்து வளர்த்த முதல் பர்கருக்கு ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ. அங்கிருந்து 7 வெள்ளி 20 காசுக்கு வந்திருப்பது 11 வருடத்தில். இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரண இறக்கம் இல்லை.

கன்றுக்குட்டி ரத்தம் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன் என்று பலர் கேட்கிறார்கள், அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செல் வளர்ப்பில் காலம் காலமாக மீடியாவில் சேர்த்தது கருவில் உள்ள கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். உயிரைக் கொல்லாத இறைச்சி என்று சொல்லிவிட்டு அதைச் சேர்த்தால் பேச்சுக்கே அர்த்தமில்லை. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உணவு அமைப்பு முதல் ஒப்புதல் கொடுத்தபோது இருந்த முறையில் அது கொஞ்சம் இருந்தது. 2023 ஜனவரியில் சீரமே இல்லாத முறைக்கும் ஒப்புதல் கிடைத்தது. எனக்கு இது ருசியைவிடப் பெரிய விஷயம்.

சைவமா அசைவமா என்பதற்கு எங்கள் வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. மனைவி வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் விரதம். “கோழி செல் இருக்குல்ல, அப்ப விரத நாளுக்குக் கிடையாது” என்றார். அவர் சொல்வதுதான் சரி. இது இறைச்சி, அளவுதான் கம்மி. ஆலையில் என்னோடு பத்து வருடம் இருந்த நண்பர் அடுத்த புளோக்கில் இருக்கிறார், இஸ்லாமியர். 2024 பிப்ரவரியில் முயிஸ், அதாவது இஸ்லாமிய சமய மன்றம், ஹலால் விலங்கின் செல்லிலிருந்து வளர்த்து, ஆகாத பொருள் எதுவும் சேராமல் இருந்தால் இப்படிப்பட்ட இறைச்சியை உண்ணலாம் என்று ஃபத்வா கொடுத்திருக்கிறது. அதை எனக்குச் சொன்னதே அவர்தான். ஆனால் நான் வாங்கியது பன்றி இறைச்சியும் விற்கிற கடை என்பதால் அவருக்குக் கொண்டுபோகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஆட்டுக்கறி வந்தது.

சரி, மகளுக்கு நான் சொன்ன பதில். செடியை மட்டும் சாப்பிட உனக்கு முடியும்மா, உன்னால் முடிந்தது பெரிய விஷயம். என்னால் முடியவில்லை. உன் சித்தப்பாவால் முடியாது. தேக்காவில் சனிக்கிழமை காலை ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் நிற்கிற வரிசையில் முக்கால்வாசிப் பேரால் முடியாது. அவர்களைத் திட்டி மாற்ற முடியாது, நல்ல கறியைக் கொடுத்துத்தான் மாற்ற முடியும். அந்த 3.6 கிராம்தான் வாணலியில் வந்த கோழி வாசம் என்று நான் நினைக்கிறேன். இன்று 3. நாளை 10 ஆகலாம், 30 ஆகலாம். யாரும் வாங்கவில்லை என்றால் 3ஓடு நின்றுவிடும்.

அவள் விடவில்லை. “மின்சாரம்?” என்றாள். தொட்டியை ஓட்டுகிற மின்சாரமும் பூமியைச் சூடாக்குமே என்பது அவள் கேள்வி. அந்த இடத்தில்தான் நானும் தடுமாறுகிறேன், அதை மறைக்க மாட்டேன். மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுவில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்குச் சொன்னது. அதில் பெரும் பங்கு மாடு. கோழி அதில் பாவம். ஆறு வாரத்தில் வளர்ந்துவிடும், ஒரு கிலோ உடம்புக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும். ஆகவே மாட்டிறைச்சிக்குப் பதிலாகத் தொட்டி இறைச்சி வந்தால் லாபம் பெரிது, கோழிக்குப் பதிலாக வந்தால் லாபம் சின்னது. நெதர்லாந்தில் சிஇ டெல்ஃப்ட் ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கும் அதையேதான் சொல்கிறது: சூரிய ஒளி, காற்று போன்ற மின்சாரத்தில் ஆலை ஓடினால் மாட்டிறைச்சியை வெகு தூரம் முந்துகிறது, வழக்கமான மின்சாரத்தில் ஓடினால் கோழியிடம் தோற்கிறது. சிங்கப்பூர் மின்சாரம் ஏறக்குறைய 95 சதவிகிதம் இயற்கை எரிவாயு.

2023இல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள். மருந்துக்கு வேண்டிய அளவு சுத்திகரித்த மீடியாவையே இறைச்சிக்கும் பயன்படுத்தினால், வெப்பமாக்கும் பாதிப்பு மாட்டிறைச்சியைவிட 4 மடங்கிலிருந்து 25 மடங்கு வரை போகலாம் என்று. பலர் அந்த ஆய்வைக் குறை சொன்னார்கள். எனக்கு அது முழுக்கப் புரிந்தது. எங்கள் ஆலையில் ஊசித் தரத்துக்குத் தண்ணீர் காய்ச்சி வடிக்கிற ஒரு கூடம் இருந்தது, 24 மணி நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் போனாலே சட்டை நனைந்துவிடும். குடல் வழியாகச் சாப்பிடுகிற பொருளுக்கு நரம்பில் ஏற்றுகிற பொருளின் சுத்தம் தேவையில்லை. உணவுத் தரச் சர்க்கரையும் உணவுத் தர அமினோ அமிலமும் போட்டே செல்லை வளர்த்துக் காட்ட வேண்டும். அதைச் செய்து முடித்த பிறகுதான் இதைப் பூமிக்கு நல்லது என்று பொட்டலத்தில் எழுதும் உரிமை வரும். நல்லதாக வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன், விரும்புவதாலேயே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய் என்று கேட்டால், 2022 ஜூன் மாதத்தைச் சொல்வேன். அந்த மாதம் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அங்கே தீவன விலை ஏறி, அவர்களுக்கே தட்டுப்பாடு. நம் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, பெரும்பாலும் உயிரோடு லாரியில் வந்து இங்கே வெட்டப்படுவது. முதல் வாரத்தில் தேக்காவுக்குப் போனேன். நான் இருபது வருடமாக வாங்குகிற கோழிக் கடையின் பளிங்கு மேடை கழுவிக் காய்ந்து கிடந்தது. கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கும் இல்லை அண்ணே, நாளன்னிக்கும் தெரியாது” என்றார். கறிக்கோழிக்கான தடை முழுதாக நீங்க அக்டோபர் ஆனது. உணவில் 90 சதவிகிதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிற ஊர் இது, விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் ஏறக்குறைய 1 சதவிகிதம்தான். ஜாலான் காயுவில் அம்மா வளர்த்த மாதிரிக் கோழி மேய இனி இடம் வரப்போவதில்லை. தொட்டியை வைக்கத் தொழிற்பேட்டையில் இடம் இருக்கிறது. உலகத்தில் முதன்முதலாக வணிகத்துக்கு இந்த இறைச்சியைத் தயாரிக்க உரிமம் பெற்ற எஸ்கோ ஆஸ்டர் நிறுவனம் அப்போது இருந்ததும் இங்கே ஆயர் ராஜா பகுதியில்தான்.

இத்தாலி 2023 நவம்பரில் இதற்குத் தடை போட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடா 2024 மே மாதம் போட்டது. அவர்களுக்குப் பண்ணை இருக்கிறது, பண்ணையாளர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யும் முன்பே கதவைச் சாத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இது கடையில் கிடைத்தால் யார் வாங்கலாம்? வீட்டில் மிளகு வறுவல், கொத்து பரோட்டா, முர்தபா, சமோசா செய்கிறவர்கள் தைரியமாக வாங்கலாம். மசாலாவை முதலில் வதக்குங்கள், இதைக் கடைசியில் போடுங்கள். 120 கிராம் இரண்டு பேருக்குத்தான் காணும். வாரா வாரம் வாங்குகிற விலையில் இது இல்லை, மாதம் ஒரு பொட்டலம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. செல் அளவு கூடும்போதெல்லாம் அந்த எண்ணைப் பொட்டலத்தின் முகப்பிலேயே பெரிதாகப் போட வேண்டும். 3 என்பது 5 ஆன அன்று நான் மூன்று பொட்டலம் வாங்குவேன்.

அம்மாவுக்குப் பல் இல்லாமல் போய் நாலு வருடம் ஆகிறது. கோழித்துண்டை மெல்ல முடியாது, குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக்கொள்வார். மிளகு வறுவலில் ஒரு கரண்டியை எடுத்து, கத்தியால் இன்னும் பொடியாகக் கொத்தி, கஞ்சியில் போட்டுக் கொடுத்தோம். ஈறாலேயே மென்றார். வேகமாகச் சாப்பிடுகிறவர் இல்லை, அன்று கிண்ணம் சீக்கிரம் காலியானது. “உசிரு போகலைல்ல?” என்று மட்டும் கேட்டார். போகலைம்மா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக் கஞ்சிக்கு மிச்சம் இருக்கிறதா என்றார். இல்லை. அடுத்த சனிக்கிழமை போவதாகச் சொன்னேன்.